ஒழுக்கு

டாக்டர் மூன்று வழி சொல்லியிருந்தார். மூன்றில் எது என்று யோசித்து வந்து சொல்லுங்கள், உங்கள் உடம்பு, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று போன செவ்வாய்க்கிழமை ஒரு தாளைக் கொடுத்து அனுப்பியிருந்தார். அந்தத் தாள் இப்போது மாரித்தங்கத்தின் உள்ளங்கையில் வியர்த்து, நாலாக மடித்த இடத்தில் கிழியப் பார்த்தது. பதினான்காம் எண் அறைக்கு வெளியே சிமெண்டு பெஞ்சு, சுவரோரக் கடைசி இடம். எங்கே போனாலும் அவள் தேடுவது அந்தக் கடைசி இடத்தைத்தான். டோக்கன் முப்பத்தொன்று, உள்ளே போயிருப்பது பதினெட்டு. நாற்பத்தாறு வயது, மகளிர் காவல் நிலையத்தில் ஏட்டு, இருபத்து மூன்று வருட சர்வீஸ். இன்றைக்கு யூனிஃபார்ம் இல்லை, கறுப்புப் புடவை, கறுப்பு உள்பாவாடை. ஈரம் தெரியாத நிறம் அது ஒன்றுதான். காக்கியைப் போலக் காட்டிக்கொடுக்கிற துணி உலகத்தில் கிடையாது, ஒரு சொட்டு போதும், அப்ரூவர் ஆகிவிடும். மூன்று வழி. முதலாவது, கீழே சின்னதாகக் கீறி, பிளாஸ்டிக் இழையில் நெய்த வலைப்பட்டை ஒன்றை மூத்திரக்குழாய்க்கு அடியில் கொண்டுபோய் விடுவது, மறுநாளே வீட்டுக்குப் போகலாம், ஆனால் பட்டை சாகும்வரை உள்ளேயே இருக்கும், சிலருக்கு உள்ளே சதையை அரித்துக்கொண்டு வெளியே தலை நீட்டும். இரண்டாவது, அடிவயிற்றைக் கிழித்து அவளுடைய சவ்விலிருந்தே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி எடுத்து அதையே குழாய்க்கு அடியில் தூளி மாதிரி கட்டுவது. மூன்றாவது, அதே மாதிரி வயிற்றைத் திறந்து, பிறப்புறுப்பின் உள்சுவரில் இரண்டு பக்கமும் தையல் போட்டு இடுப்பெலும்புக்குப் பின்னால் தூக்கிக் கட்டுவது. தூளி, கட்டு, தையல் என்று தாளில் எல்லாம் வீட்டுச் சொல்லாகத்தான் இருந்தது. மூன்றும் கத்தியில் தொடங்கின. கீறுவது, கிழிப்பது, வெட்டுவது. அவள் கண் அந்த மூன்று சொல்லிலேயே மாட்டிக்கொண்டு, மேலே போகாமல், உழவு மாடு வரப்பில் நின்ற மாதிரி நின்றது.

தும்மினால், இருமினால், சிரித்தால், கனம் தூக்கினால் வயிற்றுக்குள் அமுக்கம் கூடும், கட்டுத் தளர்ந்த சாக்குவாய் மாதிரி குழாய் அதைத் தாங்காது, ஒழுகிவிடும் என்று டாக்டர் எஸ்தர் பேனாவால் வரைந்து காட்டியபோது அவள் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்று. அடித்தால்? அதை டாக்டர் சொல்லவில்லை. லத்தியைத் தலைக்கு மேலே ஓங்கி, மூச்சைப் பிடித்து, இடுப்பிலிருந்து இறக்கினால்? அப்போதும் வரும். அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு சொட்டு, பலமான அடிக்கு ஒரு மடக்கு. அதனாலேயே ஸ்டேஷனில் அவளுக்கு நல்ல பேர். தங்கம் கை நீட்ட மாட்டா, இளகின மனசு என்று எழுத்தர் முதல் இன்ஸ்பெக்டர் வரை சொல்வார்கள். திருட்டுக் கேஸில் பிடித்து வந்த பொம்பளைகள் அவள் ஷிஃப்ட் வந்தால் மூச்சு விடுவார்கள். இளகினது மனசு இல்லை. எத்தனை தடவை கை துறுதுறுத்திருக்கிறது, எத்தனை கன்னம், எத்தனை முதுகு, பல்லைக் கடித்துக்கொண்டு கையைப் பின்னால் கட்டியிருக்கிறாள். அப்படியானால் இந்த ஒழுக்கு நின்றுவிட்டால்? டாக்டர் இறுக்கிக் கட்டி, சொட்டு விழாத உடம்பாகத் திருப்பிக் கொடுத்துவிட்டால், இருபது வருடமாகக் கட்டிப்போட்டிருந்த கை என்ன செய்யும்? பத்துப் பேருக்குச் செய்தால் ஏழெட்டுப் பேருக்கு நல்லபடியாகும் என்று தாளில் போட்டிருந்தது. அதற்கு முன்பே, கத்தி வைக்காமலே நிறுத்திவிடலாம் என்றுதான் ஆறு மாதம் சதையை இறுக்கி விடுகிற பயிற்சியெல்லாம் செய்தாள், பஸ்ஸில், பாரா டியூட்டியில், கோர்ட் வாசலில், யாருக்கும் தெரியாமல் இறுக்கி, பத்து எண்ணி, விட்டு. ஒன்றும் கேட்கவில்லை. இப்போது கத்தி வரைக்கும் வந்தபிறகு பயமாக இருந்தது. கத்திக்குப் பயமில்லை. கைக்குத்தான் பயம்.

பிரசவம் எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டபோது, ஆயுதம் போட்டுத்தான் எடுத்தாங்க என்று அவள் சொன்னாள். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் காதில் விழுந்தது. அப்போது அவள் ஆயுதப்படையில் இருந்தாள், இருபத்தைந்து வயது, ஆயுதம் என்றால் அவளுக்குத் துப்பாக்கி. பத்தொன்பது மணி நேரம் வலி. கத்தினால் தொடையில் அறைந்தார்கள். போலீஸ்காரிதானே, இதுகூடத் தாங்க மாட்டியா என்று ஒரு நர்ஸ் கன்னத்தைப் பிடித்துத் திருகினாள். பிறகு இரண்டு இரும்புக் கரண்டி. குளிர்ந்த இரும்பு உள்ளே போனது தெரிந்தது, ஒன்றோடொன்று கோத்தது கேட்டது, ஒரு ஆள் காலைக் கட்டிலில் முட்டுக்கொடுத்து இழுத்தான், கிணற்றுக்குள்ளிருந்து வாளி இழுக்கிற மாதிரி இழுத்தான், அவள் முழு உடம்பும் கட்டிலில் கீழே கீழே நகர்ந்தது. ஏதோ கிழிந்தது. பாயைக் கிழிக்கிற சத்தம். மகள் வந்தாள், நெற்றியோரம் இரண்டு பக்கமும் சிவப்புத் தடத்தோடு, அபிநயா, இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள், தலையை இறுக்கி வாரினால் தடம் இருந்த இடத்தை அம்மாவின் கண் இன்னும் தேடும். எட்டாம் நாள் ஒரு தும்மல். அவ்வளவுதான். அன்றைக்கு நனைந்தது இன்றைக்கு வரை காயவில்லை. முதல் நாள் பரேடில் டபுள் மார்ச், இடது வலது இடது வலது, ஒவ்வொரு காலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக, பூட்ஸ் வரைக்கும். யாரிடம் சொல்ல? பிள்ளை பெத்த எல்லாருக்கும் உள்ளதுதான் என்றாள் அம்மா. பிள்ளை பெத்த எல்லாருமா பரேடு போகிறார்கள்.

அவனிடம் சொன்னாள். அய்யாத்துரை, அவள் புருஷன், மின்வாரியத்தில் லைன்மேன். சொன்னது தப்பு. பதினைந்து வருடம் ஒன்றும் சொல்லாமல் மூக்கைச் சுளித்துக்கொண்டு படுக்கையைத் தள்ளிப் போட்டவன், நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறி தின்றுகொண்டே, மகள் முன்னாலேயே, உச்சாப் போலீஸு, ரசத்தை எடு என்றான். உச்சாப் போலீஸு. மகள் சிரிக்கவில்லை, ஆனால் தலையைக் குனிந்துகொண்டாள், அவளுக்கு முன்பே தெரிந்த பேர் அது என்பது அந்தக் குனிவில் தெரிந்தது. கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த லத்தி கைக்கு எப்படி வந்தது என்று மாரித்தங்கத்துக்கு இன்றைக்கும் தெரியாது. தட்டு பறந்தது. அவன் கையைக் குறுக்கே வைத்தான், வைத்த கையில் இறங்கியது, காய்ந்த முருங்கைக் கொப்பு முறிகிற சத்தம், மறுபடி ஓங்கினாள், மறுபடி, முழங்கையில், தோளில், மகள் அம்மா அம்மா என்று இடுப்பைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். ஓங்கிய ஒவ்வொரு தடவையும் கீழே கொட்டியது. சோற்றின் மேல் நின்றுகொண்டு, கால் வழியே கொட்டிக்கொண்டு, அடித்தாள். தரையில் கிடந்தவன் அதைப் பார்த்துச் சிரித்தான். முறிந்த கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வடிய, வாயைப் பிளந்து சிரித்தான். அந்தச் சிரிப்புக்குத்தான் அவள் லத்தி கீழே விழுந்தது, அவன் வலிக்கு இல்லை. ஆஸ்பத்திரியில் கம்பத்திலிருந்து விழுந்துவிட்டேன் என்றான். அன்றிலிருந்து அவளோடு பேச்சில்லை, முன்னறையில் படுத்துக்கொள்கிறான், மழைக்காலத்தில் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். விழுந்துவிட்டான். அவள் கைபட்ட ஆட்கள் எல்லாருமே விழுந்தவர்கள்தான்.

"ஏளா, தாள அப்படிக் கசக்காத, கிழிஞ்சிரும்."

பக்கத்தில் எப்போதோ ஒருத்தி வந்து உட்கார்ந்திருந்தாள். அறுபது இருக்கும், காதில் வளையம், கழுத்தில் சிலுவை, புடவையில் என்ன துவைத்தாலும் போகாத மீன் வாசம். பேர் ஞானப்பூ, கடற்கரை ஊர், நாற்பது வருடமாகத் தலையில் மீன்கூடை. ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம், காட்டிப் போக வந்திருக்கிறாள். மாரித்தங்கம் கேட்காமலே எல்லாம் சொன்னாள், கூடையைத் தூக்கித் தலைக்கு ஏற்றும்போதெல்லாம் எப்படிக் கால் வழியே போகும், ஐஸ் தண்ணி சொட்டுது என்று எப்படிச் சமாளிப்பாள் என்று. "வலப்பட்ட வைக்கலாம், சின்ன ஆப்பரேசன்னாக டாக்டரம்மா. நான் மாட்டேன்னுட்டேன். வலையப் பத்தி எனக்கா தெரியாது? நைலான் வல அறுந்து கடலுக்குள்ள போனாலும் மக்காது, என்னைக்காவது எதையாவது சுத்தும். ஆனா எங்க தெருவுல ஒருத்தி அதத்தான் வச்சா, மறுவாரம் சந்தைக்குப் போனா, மூணு வருசமா ஒரு தொந்தரவும் கெடையாது. அவ அவ ஒடம்பு. எனக்கு எஞ் சதையிலயே வெட்டிக் கட்டுனாக." சொல்லிவிட்டு அடிவயிற்றில் புடவைக்கு மேலேயே விரலால் ஒரு கோடு இழுத்தாள். "லேசுன்னு நெனைக்காத. ரெண்டு மாசம் தானாப் போவல, நானே டியூப் வுட்டு எடுக்கணும். அழுதுட்டேன். இப்ப குதிக்கச் சொல்லு, குதிக்கேன். நீ என்ன வேல பாக்க?"

"டீச்சர்" என்றாள் மாரித்தங்கம்.

"அப்பம் கத்துற வேலைதான். கத்துனாலும் வருமே" என்று ஞானப்பூ அவள் தொடையில் தட்டினாள். டீச்சர். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. போலீஸ் என்று சொல்லியிருந்தால் இந்தக் கை தொடையில் பட்டிருக்காது. யாராவது ஒருத்தி இவ்வளவு சாதாரணமாக, மழை பெய்ததைச் சொல்வதுபோல இதைச் சொல்லி அவள் கேட்டதில்லை. இல்லை, கேட்டிருக்கிறாள். ஒரே ஒரு தடவை, இரண்டு மாதத்துக்கு முன்னால், கொதிக்கிற தார் ரோட்டில். அதை நினைக்கக் கூடாது. வலைப்பட்டை, சவ்வு, தையல். தூக்கிக் கட்டினவர்களில் சிலருக்குப் பிற்காலத்தில் பின்சுவர் இறங்கும் என்று தாளில் இருந்தது, ஒன்றை மேலே இழுத்தால் இன்னொன்று கீழே வரும். நினைக்கக் கூடாது என்றால் நிற்குமா, அதுவும் ஒழுக்குதான், அழுத்தினால் வரும். ஒயின்ஷாப்பை மூடு என்று நாற்பது பொம்பளைகள் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். தூக்கி வேனில் போடு என்று இன்ஸ்பெக்டர் தில்லையரசி மைக்கில் சொன்னார். மாரித்தங்கத்தின் பங்குக்கு வந்தவள் பேர் சண்முகக்கனி, அது பிறகு எஃப்.ஐ.ஆரில் எழுதும்போது தெரிந்தது, நாற்பது வயது, தீப்பெட்டி ஆபீஸ் வேலை, அசைய மாட்டேன் என்று உடம்பைக் கல்லாக்கிக்கொண்டு கிடந்தாள். கான்ஸ்டபிள் பெனிட்டா காலைப் பிடித்தாள், மாரித்தங்கம் அக்குளுக்குள் கை கொடுத்தாள், ஒண்ணு ரெண்டு மூணு. தூக்கினாள். திறந்துகொண்டது. அது சொட்டு இல்லை. காலையிலிருந்து ஏழு மணி நேரம் ஒதுங்க இடமில்லாத பந்தோபஸ்து, மொத்தமும் காக்கியை நனைத்துக்கொண்டு இறங்கியது, அவள் தொடையில் சாய்ந்திருந்த அந்தப் பொம்பளையின் தோளில், கழுத்தில், சூடாக. சண்முகக்கனி நிமிர்ந்து பார்த்தாள். கோஷம் போட்டுக்கொண்டிருந்த வாய் நின்றது. யாருக்கும் கேட்காத குரலில், "யக்கா, ஒங்களுக்குமா?" என்றாள்.

ஒங்களுக்கா என்று கேட்கவில்லை. ஒங்களுக்குமா. நடுவில் அந்த ஒரு 'ம்'. அந்த 'ம்' இல்லாமல் இருந்திருந்தால், சீ என்று காறித் துப்பியிருந்தால், சிரித்திருந்தால்கூட மாரித்தங்கம் தாங்கியிருப்பாள், சிரிப்பு அவளுக்குப் பழக்கம். இரக்கம் பழக்கமில்லை. தரையோடு கிடக்கிறவள், இழுத்துப்போகப்படுகிறவள், மேலே நிற்கிற தன்னைப் பார்த்து இரக்கப்படுகிறாள். கை தானாகவே அவளைக் கீழே போட்டது. லத்தியின் அடிக்கட்டை அந்த வாயில் இறங்கியது, அந்த 'ம்' வந்த வாயில், பல் உடைவது கட்டை வழியாக மணிக்கட்டுக்கு ஏறியது, கல் உப்பை அம்மியில் வைத்து நசுக்குகிற நொறுநொறுப்பு. இரத்தம் தாருக்கு மேல் தெறித்து உடனே கறுத்தது. நிறுத்தவில்லை. தோளில், முதுகில், சுருண்டவளின் இடுப்பில், எங்கே நனைந்திருந்ததோ அங்கெல்லாம், ஈரத்தையே அடித்துக் காயவைத்துவிடலாம் என்பதுபோல. பெனிட்டா பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, யக்கா போதும் செத்துருவா யக்கா என்று கத்தினாள். அடிபட்ட வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தவள் அதன்பிறகும் அதைச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை, புகார் மனுவில் எழுதவில்லை. என்னை அடித்தார்கள் என்று மட்டும்தான் எழுதியிருந்தாள், இந்த ஏட்டம்மாவுக்கு ஒழுகியது என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஊர் சிரித்திருக்கும். எழுதவில்லை. ஸ்டேஷன் அறிக்கையில் வேன் படியில் தடுக்கி விழுந்ததாக இருந்தது. கீழே மாரித்தங்கத்தின் கையெழுத்து. வெள்ளிக்கிழமை கோட்டாட்சியர் விசாரணை. விழுந்தாள் என்று சொன்னால் முடிந்தது. அடித்தேன் என்றால் ஏன் அடித்தாய் என்பார்கள். அந்த ஏனுக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு, அந்தப் பதில் அவள் தொடைகளுக்கு நடுவே இருந்தது.

"முப்பத்தொண்ணு!"

உள்ளே படுக்கவைத்து, கையுறை போட்டுக்கொண்டு, டாக்டர் எஸ்தர் இருமச் சொன்னார். மாரித்தங்கத்தால் இரும முடியவில்லை. இருபத்தொரு வருடமாக இருமலை நெஞ்சுக்குள்ளேயே நெரித்துக் கொன்று பழகின உடம்பு, தொண்டை வரைக்கும் கொண்டுவந்து விழுங்கியது. "இருமுங்கம்மா. நல்லா இருமுங்க. ஒழுகினாத்தான் எனக்குத் தெரியும்." இருமினாள். டாக்டரின் கையுறையில் விழுந்தது. யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது, பக்கத்துத் தட்டில் இருந்த இரும்புச் சாமான்களைப் பார்த்துக்கொண்டே கட்டிலின் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள். "ஆங், பாத்துட்டேன். எந்திரிங்க" என்று டாக்டர் கையுறையைக் கழற்றிப் போட்டார், அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. "வேலையில கனம் தூக்குவீங்களா?"

"ஆமா."

"என்ன தூக்குவீங்க?"

"பொம்பளைகள."

டாக்டர் ஒரு கணம் பார்த்துவிட்டு, சீட்டில் என்னவோ எழுதினார். "யோசிச்சீங்களா? எது?"

"எங்கிட்டயே வெட்டி எடுக்கறது. பெரிசாக் கிழிக்கறது. வலி எதுல ஜாஸ்தியோ அது."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "வலி ஜாஸ்தின்னா நல்ல வைத்தியம்னு அர்த்தம் கிடையாது. இங்க யாருக்கும் தண்டனை குடுக்கிறதில்லம்மா. மூணுலயும் பலன் ஏறக்குறைய ஒண்ணுதான். வேற என்ன காரணம், சொல்லுங்க."

மாரித்தங்கம் யோசித்தாள். யோசிக்க யோசிக்க, வாயில் வந்தது அவளே எதிர்பார்க்காத பதிலாக இருந்தது. "வலைப்பட்டன்னா சீக்கிரம் வேலைக்குத் திரும்பச் சொல்லிருவாங்க. இது மூணு மாசம் கனம் தூக்கக் கூடாதுன்னு தாள்ல போட்டிருக்கு. எனக்கு அந்த மூணு மாசம் வேணும் டாக்டர். யாரையும் தூக்காம, யார் மேலயும் கை வைக்காம மூணு மாசம் இருந்து பார்க்கணும். அப்புறமும் கை நீளுதான்னு பார்க்கணும்."

"இது காரணம்" என்றார் டாக்டர். சிலருக்குக் கொஞ்ச நாள் டியூப் வைத்து எடுக்க வேண்டிவரும், வயிற்றில் தழும்பு இருக்கும், முழுக்கச் சரியாகாமலும் போகலாம் என்று மறுபடி எல்லாம் சொல்லி, சம்மதமா என்று இரண்டு தடவை கேட்டு, அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி போட்டுக் கொடுத்தார்.

வெளியே வந்து பெஞ்சைத் தாண்டும்போது போன் அடித்தது. இன்ஸ்பெக்டர் தில்லையரசி. "தங்கம், எங்க இருக்க? வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்கு. என்ன சொல்லணும்னு ஞாபகம் இருக்குல்ல? படியில தடுக்கி விழுந்தா. பெனிட்டாவும் அதையேதான் சொல்லுவா. கூட ஒரு வார்த்த பேசாத."

கூட ஒரு வார்த்தை. பெஞ்சில் பதினைந்து இருபது பொம்பளைகள், ஞானப்பூ நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிறாள், உள்ளே அடுத்த ஆளை இருமச் சொல்லும் டாக்டரின் குரல். அடிவயிற்றில் ஏதோ திரண்டு மேலே ஏறியது. அடிப்பதற்கு முன்னால் திரளுமே, அதேதான், அதே வேகம், ஆனால் இந்தத் தடவை அது கைக்குப் போகாமல் வாய்க்கு வந்தது. "அவ விழல மேடம். நான்தான் அடிச்சேன்."

"ஏய், என்ன ஒளறுற? எதுக்கு அடிச்சன்னு கேப்பாங்களே, என்ன சொல்லுவ?"

"அவளத் தூக்கும்போது எனக்கு மூத்திரம் போயிருச்சு மேடம். அவ பாத்துட்டா. பாத்துட்டுப் பாவப்பட்டா. அதுக்குத்தான் அடிச்சேன்."

கத்தித்தான் சொல்லியிருக்கிறாள் என்பது வராந்தா முழுவதும் அடங்கிய பிறகுதான் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் போனைத் துண்டித்துவிட்டார். ஞானப்பூவின் முகத்தில் சிரிப்பு இல்லை. கீழேயிருந்து மேல் வரைக்கும் அவளை ஒருதரம் அளந்தாள்.

"டீச்சர்னு சொன்ன."

"போலீசு."

"எங்க அடிச்ச அந்தப் பிள்ளைய?"

"வாயில. ரெண்டு முன்பல்லு போச்சு."

ஞானப்பூ பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாரித்தங்கம் அவள் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள், பதிலுக்காக இல்லை, உடனே நகர்ந்துவிடக் கூடாது என்பதற்காக.

வெள்ளிக்கிழமை காலை கோட்டாட்சியர் அறையில், மேஜைக்கு அந்தப் பக்கம் சண்முகக்கனி முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஏட்டு மாரித்தங்கம் யூனிஃபார்மில் நின்றபடி அதையே சொன்னாள். வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்த எழுத்தர் இரண்டாவது வரியில் நிறுத்தி, இதை எப்படிம்மா எழுதுறது என்று கோட்டாட்சியரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சொன்னபடியே எழுதுங்க சார்" என்றாள் மாரித்தங்கம்.